ஏற்காட்டில் இரவு வானத்தைப் படம் எடுக்க இடம் சொல்லுங்கள்

சேலத்து நண்பர்களே, வணக்கம். ஏப்ரல் கடைசியில் அஸ்தம்பட்டியில் இருக்கும் சித்தி வீட்டுக்குக் குடும்பத்தோடு வருகிறோம். அமாவாசையை ஒட்டி ஓர் இரவு ஏற்காட்டில் தங்கி, பால்வீதியையும் விடியலையும் படம் எடுக்க ஆசை.

என் சிக்கல் திசைதான். பால்வீதியின் மையம் தெற்கே, விருச்சிகம் பக்கம் தெரியும். ஏற்காட்டுக்குத் தெற்கே சேலம்! லேடீஸ் சீட்டிலிருந்து பார்த்தால் ஊர் விளக்குகள் அழகுதான், ஆனால் அந்த வெளிச்சம் நட்சத்திரங்களை விழுங்கிவிடும். சேர்வராயன் கோயில் மேட்டில் இருட்டு கிடைக்குமா? பின்னிரவில் அங்கே போக விடுவார்களா? காட்டெருமை நடமாட்டம் எப்படி?

சூரிய உதயத்துக்குப் பகோடா பாயின்ட் என்று நினைத்திருக்கிறேன், கிழக்குப் பார்த்த இடம். ஐந்தரைக்கே உள்ளே போக முடியுமா?

கேமரா பழைய கிராப் சென்சார் (சின்ன சென்சார்), கூடவே வந்த 18 மி.மீ. கிட் லென்ஸ், அதன் துளை அதிகபட்சம் எஃப் 3.5. ஷட்டரை 15 நொடிக்கு மேல் திறந்து வைத்தால் நட்சத்திரம் கோடாகிவிடும் என்பதால், ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறன்) 3200-க்கு ஏற்றி வைக்கலாமென்று இருக்கிறேன். சரியா? அப்புறம், பனிமூட்டத்தில் லென்ஸ் வேர்க்காமல் இருக்க என்ன செய்கிறீர்கள்?

சித்தப்பாவும் வாண்டுகளும் கூடவே வருவதாக அடம். அதனால் காரிலிருந்து அதிகம் நடக்காத இடமாகச் சொன்னால் புண்ணியம்.