மூளை இரத்தக்கசிவு: மதுரைக்கு ஓடுவதா, இங்கேயே மருத்துவம் பார்ப்பதா?

பாம்பன் கரையோரன்: ஸ்கேனில் மூளை இரத்தக்கசிவு என்று தெரிந்ததும், அறுவை சிகிச்சை செய்தால் எழுந்து நடந்துவிடுவார் என்று நம்பி, நகையை அடகு வைத்துக்கொண்டு மதுரைக்கு ஓடுவது நம் கடலோரத்தில் வழக்கமாகிவிட்டது. 2005இல் வெளியான ஸ்டிச் ஆய்வில், 27 நாடுகளின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளுள், விரைந்து அறுவை செய்யப்பட்டோரில் 26 சதவீதத்தினரும் மருந்தோடு தொடங்கியோரில் 24 சதவீதத்தினருமே நல்ல நிலைக்குத் திரும்பினர். இதற்காகவா ஒரு குடும்பம் கடனாளியாக வேண்டும்?

தொண்டி செவிலியர்: ஐயா, அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள், அறுவை தேவையா இல்லையா என்று மருத்துவருக்கே ஐயம் இருந்த நோயாளிகள் மட்டுமே; கட்டாயம் அறுவை வேண்டியவர்கள் அதற்குள் வரவேயில்லை. மேலும், மருந்தோடு தொடங்கியவர்களில் ஏறத்தாழ கால்வாசிப் பேருக்குப் பின்னர் அறுவை செய்ய நேர்ந்தது. சிறுமூளைக் கசிவு அந்த ஆய்வின் வரம்பிலேயே இல்லை. சிறுமூளையில் பெரிய இரத்தக்கட்டி, மூச்சையும் இதயத்துடிப்பையும் இயக்கும் மூளைத்தண்டை அழுத்தும்போது காத்திருப்பது நோயாளியைக் கைவிடுவதாகும். 2024இல் வெளியான என்ரிச் ஆய்வில், 24 மணி நேரத்துக்குள் சிறு துளை வழியாகக் கட்டியை அகற்றியபோது, மருந்து மட்டும் பெற்றோரிடம் 18 சதவீதமாக இருந்த 30 நாள் இறப்பு 9.3 சதவீதமாகக் குறைந்திருந்தது.

பாம்பன் கரையோரன்: அதே ஆய்வில் பலன் கிடைத்தது மூளையின் மேற்பரப்பை ஒட்டிய கசிவுக்குத்தான். இரத்தக்கொதிப்பால் பெரும்பாலும் ஆழத்தில் ஏற்படும் கசிவுகளுக்கு அங்கே பலன் தெரியாததால், அத்தகைய நோயாளிகளைச் சேர்ப்பதை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள். நம் மீனவர்களிடம் நாம் காண்பது பெரும்பாலும் அந்த ஆழக்கசிவே. மாறாக, 2023இல் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த இன்டராக்ட்-3 ஆய்வு, ஒரு மணி நேரத்துக்குள் இரத்த அழுத்தத்தை 140க்குக் கீழே கொண்டுவருவதோடு சர்க்கரையையும் காய்ச்சலையும் கட்டுப்படுத்தினால் விளைவு மேம்படுகிறது என்று காட்டியது. இராமேஸ்வரத்திலிருந்து மதுரை ஏறத்தாழ 170 கிலோமீட்டர். அந்த ஒரு மணி நேரம் சாலையிலேயே கழிந்துவிடுகிறது.

தொண்டி செவிலியர்: அதை முழுமையாக ஏற்கிறேன். அழுத்தத்தைக் குறைக்கும் மருந்தை இங்கேயே தொடங்கிவிட்டுத்தான் வண்டியை அனுப்ப வேண்டும். ஆனால் மயக்கம் கூடிக்கொண்டே போகிறவரையும், மூளைநீர் தேங்குகிறவரையும் இங்கே வைத்திருக்கலாம் என்பதை ஏற்க இயலாது; நீரை வடிக்கும் குழாயைப் பொருத்த நரம்பு அறுவை மருத்துவர் வேண்டும்.

பாம்பன் கரையோரன்: அப்படியானால் கையொப்பம் வாங்குவதற்கு முன், உயிர் பிழைத்தாலும் பிறர் துணையின்றி நடக்க முடியாமல் போகலாம் என்பதைக் குடும்பத்தாரிடம் சொல்லட்டும், அம்மா. பிழைப்பாரா என்பதற்கு மட்டுமே இன்று பதில் கிடைக்கிறது.