மறு: துருத்தடுப்பியா, எண்ணெய்க்காப்பா?

எல்லாருக்கும் வணக்கம்,

> ஆன்டி கரோஷன் ஸ்ப்ரேக்கு துருத்தடுப்பின்னு போட்டுட்டு அடுத்த சொல்லுக்குப் போலாமே

ஐயா, வண்டி உலோகம் கெடாம இருக்க மேல அடிக்கற இந்த எண்ணெய் ஸ்ப்ரேக்கு நம்ம கலைச்சொல் பட்டியல்ல துருத்தடுப்பின்னு போடறதுல மட்டும் எனக்கு உடன்பாடில்ல, ஏன்னு சொல்றேன், மடல் கொஞ்சம் நீளும் பொறுத்துக்கங்க.

நான் காட்பாடியிலேருந்து ராணிப்பேட்டைக்கு டெய்லி வண்டியிலதான் போய் வரேன், ஐப்பசி கார்த்திகை அடைமழைன்னாலும் சரி கத்திரி வெயில்னாலும் சரி வண்டி நின்னதில்ல, எட்டு வருஷமா அதே வண்டி. மேல்விஷாரம் பக்கம் பச்சைத்தோல் ஏத்தின லாரி பின்னாடி மாட்டுனா தெரியும், தோல் அழுகக்கூடாதுன்னு உப்பு போட்டு அடுக்கியிருப்பாங்க, மழை பேஞ்சா அந்த உப்புத்தண்ணி ரோட்டுல சொட்டிக்கினே போகும், நம்ம டயர் அதை வாரி வண்டி அடியில அடிக்கும். சரி வீட்டுக்கு வந்து கழுவலாம்னா எங்க தெரு போர் தண்ணியும் உப்பு, காஞ்சதும் இன்ஜின் மேல வெள்ளையா பூத்து நிக்கும். குளிர் நாடுகள்ல பனி உருகறதுக்காக ரோட்டுல உப்பு கொட்டறாங்க, அதனாலதான் வருஷம் பூரா ஓட்றவங்க வண்டிக்கு இந்த எண்ணெய அடிக்கறாங்கன்னு படிச்சப்போ எனக்கு நம்ம ரோடுதான் கண்ணு முன்னாடி வந்துச்சு.

போன தை மாசம் சைடு ஸ்டாண்ட் ஆடுதுன்னு மெக்கானிக் அண்ணன்கிட்ட விட்டேன். வண்டிய சாச்சிப் புடிச்சி ஸ்க்ரூடிரைவரால பிராக்கெட்டை லேசா குத்துனாரு, முனை உள்ள போயிடுச்சு, கறுப்பு பெயின்ட் வெங்காயத் தோல் மாதிரி சுருண்டு வந்துச்சு, அடியில செதில் செதிலா செம்மண் கலர்ல கொட்டுது. "பாருங்க சார், மேல பெயின்ட் நல்லாத்தான் கீது, உள்ள இத்துப்பூடுச்சி"ன்னாரு. அப்புறம் கார்புரேட்டர் பக்கம் காமிச்சு "இது பூத்திருக்கு, தேச்சா போயிடும்", ஹேண்டில்பார்ல "இங்க துரு ஏறுது", செயின் கவர்ல "இது பொரிஞ்சிருக்கு, அடியில தின்னுக்கினு இருக்கு". அஞ்சு நிமிஷத்துல நாலு சொல்லு! பூத்தல், ஏறுதல், பொரிதல், இற்றுப்போதல். இரும்பு துருவானா பருமன் பல மடங்கு ஆகும், அதான் பெயின்டைத் தூக்கிக்கினு வருது, அந்த நிலைக்குப் பொரிதல்ங்கறதை விட நல்ல சொல் நம்மளால ஆக்க முடியாது. இந்த நாலையும் அப்படியே பட்டியல்ல ஏத்தணும்னு கேட்டுக்கறேன்.

இப்ப துருத்தடுப்பி. துரு இரும்புக்கு மட்டும்தாங்க. அலுமினியத்துக்கு துரு கிடையாது, வெள்ளையா பூக்கும், பித்தளைக்கு களிம்பு, புளி ஊத்தி வெச்ச ஈயம் போன பாத்திரத்துல நம்ம பாட்டிங்க பாத்ததுதான். நம்ம வண்டியில மூணும் இருக்கு. உலோகம் அரிச்சுப் போறதைப் பொதுவா சொல்ல ஸ்கூல் புக்ல இருக்கிற அரிமானமே போதும், அரிப்புன்னா மண் அரிப்போட குழம்பும். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 1948லயே அடிக்கல் போட்டாச்சு, அரிமான ஆராய்ச்சியில பேர் வாங்கின இடம், ஆனா இந்த ஸ்ப்ரேக்கு மெக்கானிக் கடையில நின்னு சொல்ற மாதிரி ஒரு சொல்லு நம்மகிட்ட இன்னும் இல்லன்றதுதான் என் வருத்தம்.

அரிமானத் தடுப்பின்னு வெக்கலாமான்னு இன்னொருத்தர் கேட்டிருந்தாங்க. அது ரேடியேட்டர் தண்ணியில கலக்கற மருந்துக்குப் பொருந்தும், அதை அங்கயே விட்டுடலாம். நாம பேசறது வேற, மேல மெல்லிசா படியற எண்ணெய், காயவே காயாது, ஜாயின்ட் இடுக்குல ஊறிப் போய் ஈரத்தை வெளிய தள்ளும், மழை அடிச்சா கொஞ்சம் கொஞ்சமா போகும், திரும்ப வெக்கணும். விமானத்துக்குன்னு செஞ்ச ஏசிஎஃப்-50ங்கற ஸ்ப்ரே இந்த வகைதான். பெயின்ட் பூச்சு, குரோம் முலாம், ரெண்டும் ஒரு தடவை போட்டு விடறது. திரும்பத் திரும்ப சாத்தறதுக்கு தமிழ்ல ஏற்கனவே ஒரு பேரு இருக்குங்க, காப்பு. ஸ்ரீரங்கத்துல மூலவர் சுதைத் திருமேனி, தண்ணி அபிஷேகம் கிடையாது, தைலக்காப்புதான். எண்ணெய்க்காப்பு சாத்தறதுன்னா எங்க ஊரு பூசாரிக்கும் தெரியும். மேனி கெடாம இருக்க எண்ணெய் ஏத்தறது, குறிச்ச காலத்துல மறுபடி செய்யறது, ரெண்டு அர்த்தமும் அந்தச் சொல்லுலயே இருக்கு.

அதனால என் பரிந்துரை: படியற படலம் எண்ணெய்க்காப்பு, டப்பாவுல வர்ற திரவம் காப்பெண்ணெய், செய்யற வேலை காப்பு சாத்துதல்.

> காப்புன்னா மின்சாரத்துல இன்சுலேஷன் ஆச்சே, குழப்பம் வராதா?

நியாயமான கேள்விதான், நானும் ரெண்டு நாள் யோசிச்சேன். காப்பிடுதல்னு சொன்னாத்தான் குழப்பம், அது கரண்டுக்காரங்களுக்கே இருக்கட்டும். எண்ணெய்க்காப்புன்னு முழுசா சொன்னா யாரும் ஒயரை நினைக்க மாட்டாங்க, சாத்துதல்ங்கற வினையும் சேந்துட்டா சந்தேகமே இல்ல. சாமிக்குச் சொல்ற சொல்லை வண்டிக்கு வெக்கறதான்னு யாராவது நினைச்சா, ஆயுத பூஜைக்கு அதே வண்டிக்குத்தான் சந்தனம் குங்குமம் வெக்கறோம்.

விளக்கம் எழுதும்போது எங்க சாத்தக்கூடாதுன்னு கட்டாயம் சேக்கணும். டிஸ்க், பிரேக் ஷூ, டயர், இதுங்க மேல ஒரு சொட்டு பட்டாலும் உயிருக்கு ஆபத்து. சைலன்சருக்கு பிரயோஜனமில்ல, சூட்டுல எரிஞ்சிடும், தவிர அது உள்ளேருந்து இத்துப்போறது, ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணி உண்டாகுது, கடைக்கும் வீட்டுக்குமா கிட்டத்துலயே ஓட்டுனா அந்தத் தண்ணி ஆவியா வெளிய போகாம உள்ளயே தங்கிடும். அலுமினியத்துல மாட்டுன இரும்பு போல்ட் சிக்கிக்கறது இருவுலோக அரிமானம், அதாவது ரெண்டு வேற உலோகம் ஈரத்துல ஒட்டி இருந்தா வர்றது, அதுக்குத் தனி மடல் போடறேன்.

மெக்கானிக் அண்ணன்கிட்ட நேத்து சொல்லிப் பாத்தேன், "வண்டிக்கு எண்ணெக்காப்பு சாத்தணும்ணா"ன்னு. திரும்ப என்னன்னு கேக்கல, "செயின் கவரைக் கழட்டிட்டு சாத்தலாம், சனிக்கிழமை கொண்டாங்க சார்"னாரு. அவரு எண்ணெக்காப்புன்னுதான் சொல்றாரு, பட்டியல்ல எண்ணெய்க்காப்புன்னு போட்டு பக்கத்துல பேச்சு வடிவமும் குடுத்துடலாமா?