வெண்பட்டு மணப்பெண் கவுனில் துருக்கறை: துணி கெடாமல் எடுக்க என்ன வழி?

கேள்வி

வெள்ளை சாட்டின் கவுன். இரண்டு வருடம் பெட்டியில் மடித்து வைத்திருந்தது. முதுகுப் பக்கம் கொக்கி வரிசை உள்ள பட்டியில் செம்பழுப்பாக நான்கு புள்ளிகள். பெரியது மிளகளவு. ஒட்டினாற்போல் லேஸ் பின்னலும் கண்ணாடி மணிகளும் இருக்கின்றன. சோப்புத் தண்ணீரால் ஒற்றிப் பார்த்தேன், அசையவில்லை. ஹைட்ரஜன் பெராக்சைடு போடலாமா? உடுத்த இன்னும் 12 நாள்தான்.

பதில் 1

பெராக்சைடு வேண்டாம், குளோரின் பிளீச் வேண்டவே வேண்டாம். துரு என்பது சாயமல்ல, ஏற்கெனவே ஆக்சிஜனேற்றம் அடைந்த இரும்பு. அதை வெளுக்க முடியாது, கரைத்து வெளியேற்றத்தான் முடியும். இரும்பு இருக்கும் இடத்தில் பெராக்சைடு பட்டால் அது மிக வேகமாகச் சிதைந்து, பக்கத்து இழையையும் தின்றுவிடும். கறை இருந்த இடத்தில் ஓட்டை விழுவது இப்படித்தான். குளோரின் பிளீச்சோ பட்டையே மஞ்சளாக்கி அரித்துவிடும்.

முதலில் துணி எது என்று தெரிய வேண்டும். சாட்டின் என்பது நெசவின் பெயர், இழையின் பெயரல்ல. உள்தையலிலிருந்து ஓர் இழையை உருவி இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். முடி கருகும் வாசனையும் நசுக்கினால் பொடியாகும் சாம்பலும் வந்தால் பட்டு. உருகிக் கடினமான குண்டுமணியாக இறுகினால் பாலியஸ்டர். உருகும்போது வினிகர் நெடி வந்தால் அசிடேட். காகிதம் எரியும் வாசனை என்றால் பருத்தி அல்லது விஸ்கோஸ்.

கேட்டவர்

முடி கருகும் வாசனை. சாம்பல் பொடியாகிறது. உள்துணி மட்டும் உருகியது.

பதில் 2

அப்படியானால் பட்டு. காரம்தான் பட்டுக்குப் பகை, நீர்த்த மென்மையான அமிலத்தை அது தாங்கும். அதனால் சிட்ரிக் அமிலம் பொருந்தும். 100 மில்லி காய்ச்சி வடித்த நீரில் 3 கிராம், எடை பார்த்துக் கரையுங்கள். குழாய்த் தண்ணீரிலேயே இரும்பு இருக்கக்கூடும், அதைக் கலந்தால் கறைக்குக் கறை சேர்ப்பதாகும்.

உள்தையலில் ஒரு சொட்டு விட்டு, 10 நிமிடம் வெள்ளைப் பஞ்சை வைத்து அழுத்துங்கள். பஞ்சில் நிறம் இறங்கினாலோ, துணியின் பளபளப்பு மங்கினாலோ அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

சரியாக இருந்தால் உள்துணியைப் பிரித்து ஒதுக்குங்கள். கொக்கிகளை அவிழ்த்து எடுத்துவிடுங்கள். பட்டிக்கு அடியில் நான்காய் மடித்த வெள்ளைப் பருத்தித் துணி. கரைசல் வெதுவெதுப்பாக இருக்கட்டும், சூடு வேண்டாம். பஞ்சுக்குச்சியில் தொட்டுக் கறையின் வெளிவிளிம்பிலிருந்து நடுவை நோக்கி வையுங்கள். தேய்க்காதீர்கள். ஈரப்பட்டின் மேல்பரப்பு உரசலில் பிசிர் எழுந்து வெள்ளை பூத்துவிடும், அந்தத் தழும்பு திரும்ப மறையாது.

5 நிமிடத்துக்கு ஒருமுறை அடித்துணியில் சுத்தமான இடத்தை மாற்றி, மேலிருந்து ஒற்றி எடுத்து, புதிய கரைசல் வையுங்கள். ஒரு சுற்று 20 நிமிடம். அதுவரை அந்த இடம் காயவே கூடாது. நீர் ஆவியானால் அமிலம் மட்டும் தங்கிச் செறிவு ஏறும், இழை நொறுங்கும். சுற்று முடிந்ததும் காய்ச்சி வடித்த நீரை வைத்து வைத்து ஒற்றுங்கள். அமிலம் பட்டால் சிவக்கும் நீல லிட்மஸ் தாளை ஈரத்தில் வைத்துப் பார்த்து, அது சிவக்காமல் போகும்வரை இதைத் தொடர வேண்டும். அமிலத்தை முறிக்கச் சமையல் சோடா போடுவதை இங்கே செய்யாதீர்கள், அது காரம்.

பதில் 3

மேலே சொன்னதோடு ஒன்று. கறை போய், அதைச் சுற்றி நீர்வளையம் நிற்பதுதான் பட்டில் அதிகம் நடப்பது. கடைசி அலசலில் ஈரத்தை ஒரே கோட்டில் நிறுத்தாமல், பட்டியின் தையல்வரை சன்னமாகப் பரப்பிவிடுங்கள். முடி உலர்த்தியைக் குளிர்காற்றில் வைத்து, வெளியிலிருந்து உள்நோக்கி உலர்த்துங்கள். முழுதும் காயும்வரை இஸ்திரிப் பெட்டி பக்கம் போகக் கூடாது.

எலுமிச்சையும் உப்பும் தடவி வெயிலில் போடச் சொல்வார்கள். வெயில் பட்டை மஞ்சளாக்கும். ஜரிகை உள்ள துணியில் அந்த உப்பு, வெள்ளியையும் செம்பையும் கறுக்க வைக்கும். ஜரிகைமேல் சிட்ரிக் அமிலமும் படக் கூடாது.

கடையில் கிடைக்கும் துருநீக்கிகள் சிலவற்றில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருக்கும். தோலில் பட்டவுடன் வலிக்காமலே ஆழமாகச் சுடும். கண்ணாடி மணியையும் அரித்து மங்கலாக்கிவிடும். உங்கள் கவுனுக்கு அது இரட்டை ஆபத்து.

கேட்டவர்

இரண்டு சுற்று முடிந்தது. மூன்று புள்ளிகள் போய்விட்டன. பெரியது வெளிர் மஞ்சளாக நிற்கிறது. ஆக்சாலிக் அமிலத்துக்குப் போகலாமா?

பதில் 2

இப்போதே வேண்டாம். அது இன்னும் வீரியமானது, நஞ்சும்கூட. ஒரு நாள் ஆறவிட்டு, 100 மில்லிக்கு 5 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்த கரைசலில் இன்னும் ஒரு சுற்று, 15 நிமிடம் மட்டும். மஞ்சள் மேலும் இளகினால் கடைசியாக ஒரு சுற்று. அப்படியே நின்றால் அது இரும்பாக இல்லாமல், கொக்கியிலிருந்த எண்ணெய்ப் பசை நாளாகி மஞ்சளித்ததாக இருக்கலாம். அதற்கு அமிலம் பயன்படாது, டிரை கிளீனிங் கரைப்பான்தான் வழி. கொடுக்கும்போது சிட்ரிக் அமிலம் வைத்ததையும் மணிகள் கண்ணாடி என்பதையும் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் கொடுத்தால் என்ன மருந்து வைப்பார்கள் என்பது உங்கள் கையில் இருக்காது.

பதில் 1

பழைய கொக்கிகளைத் திரும்பத் தைத்துவிடாதீர்கள். முலாம் உரிந்த கொக்கி ஒரு வியர்வைக்கே மறுபடி துரு விடும். துருப்பிடிக்காத எஃகில் புதிது வாங்கி, பட்டிக்கும் கொக்கிக்கும் நடுவே மெல்லிய பருத்தி நாடா வைத்துத் தையுங்கள்.