போட்டிப் பிஸ்டலுக்கு ரெட் டாட்: 3 எம்.ஓ.ஏ. போதுமா, 6 எம்.ஓ.ஏ. வேண்டுமா?

புதுஇலக்கு கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். இதுவரை அயர்ன் சைட்டை (துப்பாக்கியிலேயே இருக்கும் உலோகக் குறிகளை) வைத்தே போட்டிகளில் சுட்டு வந்த நான், அடுத்த பருவத்திலிருந்து, கண்ணாடியில் ஒளிப்புள்ளியைக் காட்டும் ரெட் டாட் சைட் பொருத்திய பிஸ்டல்களுக்கான கேரி ஆப்டிக்ஸ் பிரிவுக்கு மாறலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். எந்த நிறுவனத்தின் சைட்டை வாங்குவது என்பதில் எனக்கு அவ்வளவு குழப்பம் இல்லை. புள்ளியின் அளவைத் தேர்ந்தெடுப்பதில்தான் தடுமாறுகிறேன். ஒரு நிறுவனம் தன் மாடலை 2.5, 5 எம்.ஓ.ஏ. (புள்ளியின் அளவைச் சொல்லும் கோண அளவு) என்றும், மற்றொன்று 3, 6 என்றும் விற்கிறது. "சிறிய புள்ளியை வாங்கினால் தொலைவில் இருக்கும் இலக்கை மறைக்காது" என்கிறார் ஒருவர். "பெரிய புள்ளிதான் கண்ணில் சட்டென்று படும்" என்கிறார் இன்னொருவர். இருவருமே என்னைவிட நன்றாகச் சுடுபவர்கள் என்பதால் யார் பேச்சைத் தள்ளுவது என்று தெரியவில்லை.

நான் கலந்துகொள்ளும் போட்டிகளில் பெரும்பாலான இலக்குகள் 5 மீட்டரிலிருந்து 20 மீட்டருக்குள் இருக்கும். எப்போதாவது 25 மீட்டரில், பாதி மறைக்கப்பட்ட அட்டை ஒன்று வரும். எஃகுத் தட்டுப் போட்டிகளிலும் அவ்வப்போது சுடுவதுண்டு. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: நண்பரின் 3 எம்.ஓ.ஏ. சைட்டின் வழியாகப் பார்த்தபோது எனக்கு அது வட்டப் புள்ளியாகத் தெரியாமல், வால் முளைத்த காற்புள்ளியைப் போலத் தெரிந்தது. இது சைட்டின் குறையா, என் கண்ணின் குறையா என்பதையும் விளக்கினால் உதவியாக இருக்கும்.

எஃகுத்தட்டு எழுதுகிறார்:

நண்பரே, முதலில் கணக்கைப் பார்த்துவிட்டால் பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும். எம்.ஓ.ஏ. என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. 25 மீட்டர் தொலைவில் அது 7 மி.மீ.க்குச் சற்றே அதிகம். ஆகவே அந்தத் தொலைவில் 3 எம்.ஓ.ஏ. புள்ளி ஏறத்தாழ 22 மி.மீ. அகலத்தையும், 6 எம்.ஓ.ஏ. புள்ளி 44 மி.மீ. அகலத்தையும் மறைக்கும். 10 மீட்டரில் அதே 6 எம்.ஓ.ஏ. புள்ளி 17 மி.மீ. மட்டுமே. நாம் சுடும் அட்டையில் அதிக மதிப்பெண் தரும் நடுப்பகுதியான ஏ பகுதி ஏறத்தாழ 15 செ.மீ. அகலமுள்ளது. நோ-ஷூட் அட்டை (சுடக் கூடாத அட்டை) அதில் பாதியை மறைத்துவிட்டாலும், 25 மீட்டரில் மிஞ்சியிருக்கும் பகுதி பெரிய புள்ளியைவிட அகலமாகத்தான் இருக்கும். எஃகுத் தட்டை எடுத்துக்கொண்டால், 10 அங்குல வட்டத் தட்டு 20 மீட்டரில் 40 எம்.ஓ.ஏ.க்கு மேல் தெரியும். அதன் மீது 6 எம்.ஓ.ஏ. புள்ளி ஒரு பொட்டு அளவுதான்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. புள்ளி மறைக்கும் இடத்தைக் குண்டு சிதறி விழும் இடமாகப் பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அது தவறு. சரியாக ஜீரோ செய்யப்பட்ட (புள்ளி காட்டும் இடத்திலேயே குண்டு படும்படி திருத்தப்பட்ட) சைட்டில், புள்ளி 2 எம்.ஓ.ஏ. ஆனாலும் 8 எம்.ஓ.ஏ. ஆனாலும், அதன் நடுவை நோக்கித்தான் குண்டு போகும். பெரிய வட்டத்துக்கு நடுவே சிறிய வட்டத்தைச் சமமாக வைப்பதில் மனிதக் கண் மிகவும் தேர்ந்தது. சுற்றிலும் மீதி தெரிகிற வரையில் புள்ளி பெரிதாக இருப்பதால் துல்லியம் குறைந்துவிடாது. புள்ளி இலக்கையே விழுங்கிவிடும்போதுதான் உண்மையான நஷ்டம். உங்கள் போட்டிகளில் அது அநேகமாக நேராது.

"பெரிய புள்ளி சட்டென்று கிடைக்கும்" என்பதையும் அப்படியே ஏற்க முடியாது. உறையிலிருந்து பிஸ்டலை உருவி நீட்டும்போது புள்ளி கண்ணாடிக்குள் வராவிட்டால், 2 எம்.ஓ.ஏ.வும் தெரியாது, 10 எம்.ஓ.ஏ.வும் தெரியாது. அது மணிக்கட்டும் பிடியும் சம்பந்தப்பட்ட விஷயம். வீட்டில் வெற்றுத் துப்பாக்கியை வைத்துப் பயிற்சி செய்துதான் அதைச் சரிசெய்ய வேண்டும். பெரிய புள்ளியின் பலன் அதற்குப் பிறகு தொடங்குகிறது. நாம் பார்வையை இலக்கின் மீதே நிறுத்தியிருக்கிறோம். புள்ளி அதன் மேல் மிதந்து வர வேண்டும். ஓர் இலக்கிலிருந்து அடுத்ததற்குத் துப்பாக்கியைத் திருப்பும்போதும், பின்னுதைப்பில் புள்ளி மேலே போய்த் திரும்பி வரும்போதும், அதைத் தேடிப் பார்க்காமலே உணர முடிகிறதா என்பதுதான் கேள்வி. சிறிய புள்ளியாக இருந்தால் கண் இலக்கை விட்டுவிட்டுப் புள்ளியைத் தேடத் தொடங்கிவிடுகிறது. அயர்ன் சைட்டில் முன்குறியைப் பார்த்தே பழகிய உங்களுக்கு இந்த ஆபத்து மற்றவர்களைவிட அதிகம்.

துப்பாக்கியில் மாற்றங்களுக்கு அதிக இடம் தரும் ஓப்பன் பிரிவில் 6, 8 எம்.ஓ.ஏ. எல்லாம் வெகு சாதாரணம். அங்கே புள்ளியை யாரும் நின்று நிதானமாகப் பார்ப்பதில்லை. உங்களுக்கு 5 அல்லது 6 என்பதே என் கருத்து.

ஐம்பதுகெஜம் எழுதுகிறார்:

மேலே சொன்ன கணக்கில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அது வேகப் போட்டிகளுக்கான கணக்கு என்பதைச் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். புல்ஸ் ஐ எனப்படும் துல்லியப் போட்டிகளில், நிதானச் சுற்றில் 50 கெஜத்தில் ஒரு கையால் சுடுகிறோம். அந்த அட்டையின் கறுப்பு வட்டம் 8 அங்குலம். பத்துப் புள்ளி வளையம் ஏறத்தாழ 86 மி.மீ., அதற்குள் இருக்கும் எக்ஸ் வளையம் 43 மி.மீ. அங்கே 3 எம்.ஓ.ஏ. புள்ளி 40 மி.மீ. மறைக்கிறது, அதாவது எக்ஸ் வளையத்தின் அளவு. 6 எம்.ஓ.ஏ. புள்ளியோ 80 மி.மீ.; கிட்டத்தட்ட பத்து வளையம் முழுவதும். அந்தத் தொலைவில் வெறுங்கண்ணுக்கு வளையங்கள் தெரியப்போவதில்லை, கறுப்பின் நடுவே சிவப்பை வைப்பதுதான் வேலை என்றாலும், நான் 3 அல்லது 4-ஐத் தாண்ட மாட்டேன்.

அதே வேளையில், "துல்லியம் வேண்டுமானால் 1 எம்.ஓ.ஏ. வாங்கு" என்று புதியவர்களுக்குச் சொல்லப்படும் அறிவுரையையும் நான் ஏற்பதில்லை. கை ஆடாத மனிதர் இல்லை. மிகச் சிறிய புள்ளி அந்த ஆட்டத்தை ஒன்று விடாமல் காட்டிக்கொடுக்கிறது. புள்ளி நடுவைக் கடக்கும் அந்தக் கணத்தைப் பிடித்துவிட வேண்டும் என்ற ஆசையில் விரல் டிரிகரை வெடுக்கென்று இழுக்கிறது; குண்டு கீழே போய் விழுகிறது. ஆட்டம் எப்போதும் இருக்கும் அளவுதான் இருக்கிறது, பார்ப்பவரின் பதற்றம்தான் கூடிவிடுகிறது. சற்றே பெரிய புள்ளி அதே ஆட்டத்தை மென்மையாகக் காட்டுவதால், டிரிகரைச் சீராக அழுத்திக்கொண்டே போவதற்கு மனம் இணங்குகிறது.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணை மட்டும் நம்பி முடிவு செய்துவிடாதீர்கள் என்றும் சொல்வேன். ஒளி அளவை அதிகமாக வைத்தால் 3 எம்.ஓ.ஏ. புள்ளியும் பூத்து, 6-ஐப் போலப் பரந்து தெரியும். 6 எம்.ஓ.ஏ. புள்ளியை, இலக்கின் மேல் தெரிந்தால் போதும் என்ற அளவுக்குத் தணித்து வைத்தால், விளிம்பு கூர்மையாகி அடக்கமாக நிற்கும். தானாக ஒளியைச் சரிசெய்துகொள்ளும் வசதி போட்டிக்கு ஏற்றதன்று. நிழலில் நின்றுகொண்டு வெயிலில் இருக்கும் இலக்கைப் பார்க்கும்போது, அது நிற்கும் இடத்தின் வெளிச்சத்தை அளந்து புள்ளியை மங்கவைத்துவிடுகிறது.

ஐ.எஸ்.எஸ்.எஃப். (சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பு) பிஸ்டல் போட்டிகளுக்குப் போகும் எண்ணம் இருந்தால், அங்கே திறந்த சைட்டுகளுக்கு மட்டுமே அனுமதி என்பதையும் நினைவில் வையுங்கள். அயர்ன் சைட் பழக்கத்தை அடியோடு விட்டுவிட வேண்டாம்.

தெளிவுப்பார்வை எழுதுகிறார்:

காற்புள்ளி விவகாரத்துக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். புள்ளி வால் முளைத்தோ, நட்சத்திரமாகச் சிதறியோ, இரண்டாகப் பிரிந்தோ தெரிந்தால், பெரும்பாலும் காரணம் கண்ணில் இருக்கும் அஸ்டிக்மாடிசம். கருவிழியின் வளைவு எல்லாத் திசையிலும் ஒரே சீராக இல்லாததால், ஒரு புள்ளியிலிருந்து வரும் ஒளி விழித்திரையில் ஒரே இடத்தில் குவிவதில்லை. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. சைட்டைத் துப்பாக்கியிலிருந்து கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அதன் வழியே பார்த்தபடி மெதுவாகச் சுழற்றுங்கள். வால் சைட்டோடு சேர்ந்து சுழன்றால் குறை சைட்டில் இருக்கிறது. சைட் சுழன்றும் வால் ஒரே திசையை நோக்கியிருந்தால் குறை உங்கள் கண்ணில் இருக்கிறது. ஓர் அட்டையில் ஊசியால் துளையிட்டு அதன் வழியாகப் பார்த்தாலும், கண்ணின் குறை என்றால் புள்ளி உடனே வட்டமாகிவிடும்.

கண்ணின் குறைதான் என்று தெரிந்தால், அதற்குரிய கண்ணாடியை அணிந்துகொண்டு பாருங்கள். பலருக்கு அதோடு பிரச்சினை தீர்ந்துவிடுகிறது. ஒளியைக் குறைப்பதும் பெரிதும் உதவும். மிச்சமிருக்கும் சிதறலுக்குப் பெரிய புள்ளியே நல்லது, ஏனென்றால் வாலின் நீளம் கிட்டத்தட்ட மாறாமல் இருக்க, புள்ளி பெரிதாகும்போது அந்த வால் அதன் உடலுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. சிலருக்குச் சிவப்பைவிடப் பச்சைப் புள்ளி தெளிவாகத் தெரிவதுண்டு. ஆனால் அது ஆளுக்கு ஆள் மாறும் என்பதால், வாங்குவதற்கு முன் வெயிலில் நின்று இரண்டையும் பார்த்துவிடுங்கள். கடை விளக்கில் எல்லாப் புள்ளியும் அழகாகத்தான் இருக்கும்.

புதுஇலக்கு மீண்டும்:

மூவருக்கும் நன்றி. நண்பரின் சைட்டைச் சுழற்றிப் பார்த்தேன். வால் அசையவில்லை, ஆகவே குறை என் கண்ணில்தான். ஒளியை இரண்டு படி குறைத்ததும் அது பாதியாகச் சுருங்கிவிட்டது. கண் பரிசோதனைக்கு நேரம் வாங்கிவிட்டேன், புள்ளி அளவில் 5 அல்லது 6 என்று மனம் சாய்ந்திருக்கிறது. இன்னும் இரண்டு ஐயங்கள்: சைட்டில் இருக்கும் கண்ணாடியின் அளவும் பெரிதாக இருக்க வேண்டுமா? பெரிய புள்ளியை வைத்துக்கொண்டு 25 மீட்டரில் எப்படி ஒழுங்காக ஜீரோ செய்வது?

எஃகுத்தட்டு எழுதுகிறார்:

உண்மையைச் சொன்னால், வேகப் போட்டிக்குப் புள்ளியின் அளவைவிடக் கண்ணாடியின் அளவுதான் அதிக வித்தியாசத்தைத் தரும். டிரிஜிகான் நிறுவனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: அதன் ஆர்.எம்.ஆர். கண்ணாடி சுமாராக 22-க்கு 16 மி.மீ.; போட்டியை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட எஸ்.ஆர்.ஓ. சுமாராக 25-க்கு 22 மி.மீ. அகலத்தில் பெரிய மாற்றம் இல்லை, உயரத்தில்தான் இடம் கூடியிருக்கிறது. பின்னுதைப்பில் புள்ளி மேல்நோக்கித்தானே ஓடுகிறது? உயரமான கண்ணாடியில் அது போய்த் திரும்பும் பாதையில் அதிக தூரம் கண்ணுக்குத் தெரியும். அடுத்த குண்டை எப்போது விடலாம் என்பதை அந்தப் பாதையே சொல்லிவிடும். தடுப்புக்குப் பின்னால் சாய்ந்து, வாட்டமில்லாத நிலையில் நின்று சுடும்போதும் பெரிய கண்ணாடி கைகொடுக்கும். கேரி ஆப்டிக்ஸில் சைட் ஸ்லைடின் (சுடும்போது பின்னால் ஓடித் திரும்பும் மேற்பகுதியின்) மீதே இருந்தாக வேண்டும் என்பதால், அதன் எடையும் ஸ்லைடோடு சேர்ந்து ஓடுகிறது. ஆகவே அளவில்லாமல் பெரிதாகவும் போக வேண்டாம்.

பெரிய கண்ணாடிக்கு ஒரு கெட்ட குணமும் உண்டு: உங்கள் பிடியில் இருக்கும் கோணலை அது மன்னித்துவிடும். புள்ளி மூலையில் தெரிந்தாலும் குண்டு பட்டுவிடுகிறது என்று பழகிப் போவோம். பயிற்சியின்போது கண்ணாடியின் முன்பக்கத்தில் ஒரு துண்டு டேப்பை ஒட்டி, இரு கண்களையும் திறந்து வைத்துச் சுட்டுப் பாருங்கள். புள்ளியை உற்றுப் பார்க்கிறவருக்கு இலக்கு காணாமல் போய்விடும், இலக்கைப் பார்க்கிறவருக்கு எந்தத் தடையும் இருக்காது.

ஹோலோசன் 507 காம்ப் போன்ற சைட்டுகளில் 2 எம்.ஓ.ஏ. புள்ளியைச் சுற்றி 8, 20, 32 எம்.ஓ.ஏ. வளையங்களில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள முடியும். 32 எம்.ஓ.ஏ. வளையம் 10 மீட்டரில் ஒன்பது செ.மீ.க்கு மேல் வரும். சிலருக்கு அது பிடிக்கிறது. எனக்கு அந்த வளையம் இலக்கின் மேல் ஒட்டடை படிந்தது போலத் தோன்றுவதால் அணைத்தே வைத்திருக்கிறேன். உங்கள் கண்ணுக்கு 2 எம்.ஓ.ஏ. வால் விடும் என்பதால், அந்த மாடலை வாங்குவதாக இருந்தால் வளையத்தோடு பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஜீரோ செய்வதற்கு வருவோம். சின்னஞ்சிறு ஸ்டிக்கரை ஒட்டி அதன் மேல் 6 எம்.ஓ.ஏ. புள்ளியை வைக்க முயலாதீர்கள். ஸ்டிக்கர் மறைந்துவிடும், எங்கே குறி வைக்கிறோம் என்பதே தெரியாது. 10 முதல் 15 செ.மீ. அகலமுள்ள வட்டத்தை ஒட்டி, புள்ளியைச் சுற்றி எல்லாப் பக்கமும் சம இடைவெளி தெரியும்படி வையுங்கள். புள்ளியின் ஒளியைத் தணித்து, மேசையில் மணல்மூட்டையைத் தாங்கலாக வைத்து, ஐந்து குண்டுகளின் தொகுப்பைப் பார்த்த பிறகே திருகாணியைத் தொடுங்கள். ஒற்றைக் குண்டைத் துரத்திக்கொண்டு போகாதீர்கள். பெரும்பாலான சைட்டுகளில் ஒரு சொடுக்கு 1 எம்.ஓ.ஏ. என்பதால், 25 மீட்டரில் அது 7 மி.மீ. நகரும். தொகுப்பின் நடு 3 செ.மீ. இடப்புறம் இருந்தால் நான்கு சொடுக்கு வலப்புறம்.

அது முடிந்ததும் 3 மீட்டரிலும் சுட்டுப் பாருங்கள். புள்ளி குழலுக்கு மேலே இருப்பதால், அவ்வளவு அருகில் குண்டு இரண்டு மூன்று செ.மீ. கீழே விழும். நோ-ஷூட் அட்டையின் விளிம்பை ஒட்டிச் சுட வேண்டிய ஸ்டேஜில் (போட்டிச் சுற்றில்) அந்த இரண்டு செ.மீ.யை முன்கூட்டியே சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.