மறுமொழி: மண்ணைத் துளைத்து வாழ்வனவற்றுக்கு ஒரு சொல்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

மண்ணைத் தோண்டி அதற்குள்ளேயே வாழும் உயிர்களைக் குறிக்கும் ‘ஃபொசோரியல்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் கேட்டுப் போன வாரம் எழுதியிருந்தேன். வளைவாழி, குழிவாழி, புதையுயிரி, நிலத்தடி வாழி, மண்ணுள்வாழ் உயிர் என ஐந்து சொற்கள் வந்திருக்கின்றன. அனுப்பிய எல்லோருக்கும் நன்றி. ஆனால் இந்தச் சொல் எனக்கு எதற்காகத் தேவைப்பட்டது என்பதை நான் சரியாகச் சொல்லவில்லை. அதைச் சொன்னாலே பாதிச் சொற்கள் தாமாகக் கழிந்துவிடும்.

தூத்துக்குடி மாவட்டத்து வல்லநாட்டுப் பக்கத்துப் புதர்க்காட்டில் மாணவர்களுடன் ஊர்வனவற்றையும் இருவாழ்விகளையும் கணக்கெடுத்து வருகிறேன். உடைமரம், சங்கஞ்செடி, கள்ளி, காலைக் குத்தும் சரளை, நடுநடுவே ஆடு மேயும் வெட்டவெளி. குறிப்புத்தாள் தமிழில்தான் இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். ‘கண்ட இடம்’ என்ற கட்டத்தில் தரை, மரம், பாறையிடுக்கு, நீர், வளை என்று அச்சடித்துக் கொடுத்திருந்தேன். ஐப்பசி மழை முடிந்து தாள்களைத் திரட்டிப் பார்த்தால், எலிவளையிலிருந்து தலையை நீட்டிய நல்ல பாம்புக்கும் ‘வளை’. வரப்பை வெட்டும்போது மண்கட்டியோடு வந்து விழுந்த தவளைக்கும் ‘வளை’. பாம்பு இன்னொருவர் வீட்டில் ஒண்டியிருக்கிறது. தவளைக்கோ வீடே கிடையாது. மண்ணுக்குள் நேராக இருக்கிறது. இரண்டையும் ஒரே கட்டத்தில் போட வைத்தது என் சொல். ஒரு பருவத்து உழைப்பில் அந்தப் பகுதி மட்டும் பயன்படாமல் போனது.

வளை என்றால் எலியோ நண்டோ தோண்டிய துளை. அதற்கு வாய் உண்டு, உள்ளே வெற்றிடம் உண்டு, தோண்டியவர் போன பிறகும் அது நிற்கும். மண்ணுக்குள் இறங்கும் தவளையிடம் இதில் எதுவும் கிடையாது. ஒரு மழை இரவில் டார்ச்சைத் தரையில் வைத்துவிட்டு, உடலை ஊதிப் பந்தாக்கிக்கொள்ளும் குண்டுத் தவளை ஒன்றை, யூபெரொடான் சிஸ்டோமா என்பார்களே அதை, பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தேன். பின்னங்காலின் உட்பக்கத்தில் கடினமான பிறைவடிவப் புடைப்பு ஒன்று இருக்கிறது. சின்னக் கரண்டி என்றே சொல்லலாம். வலதுகால் ஒரு தள்ளு, இடதுகால் ஒரு தள்ளு, உடம்பு இலேசாகத் திரும்பும். முன்னால் பாய்ந்து தோண்டவில்லை. உட்கார்ந்த வாக்கில் பின்பக்கமாக அமிழ்ந்தது. இடுப்பு போயிற்று, முதுகு போயிற்று. கடைசியில் கண் இரண்டும் மூடிக்கொள்ள, மண் சரிந்து தலையையும் மூடியது. மிச்சம் இருந்தது உள்ளங்கை அகலத்துக்குக் கிளறிவிட்ட ஈரமண். துளை இல்லை, வாசல் இல்லை. தோலின் வழியே நீரை இழக்கும் உயிர், வறண்ட மாதங்களைக் கழிக்க வேறு எங்கே போகும்? ஆகவே வளைவாழியும் குழிவாழியும் பொருந்தா.

புதையுயிரி அழகான சொல்தான். ஆனால் புதைபடிவம் என்ற சொல் பாடநூல்களில் வேரூன்றிவிட்டது. படிப்பவர் மனம் பாறையில் பதிந்த எலும்புக்கூட்டுக்குப் போகும். ஃபொசோரியலும், புதைபடிவத்தைக் குறிக்கும் ‘ஃபாசில்’ என்ற சொல்லும் லத்தீனில் ஒரே வேரிலிருந்து வந்தவை என்று மதுரை நண்பர் வாதிட்டிருந்தார். உண்மை. ஆனால் அந்த வேருக்குத் தோண்டுதல் என்று பொருள், புதைதல் என்று அல்ல. ‘ஃபோசோர்’ என்றால் தோண்டுபவர். நமக்கு வேண்டியதும் வினை செய்யும் உயிர். புதைக்கப்பட்ட உயிர் அல்ல. நிலத்தடி என்றாலோ ஆழ்குழாய்க் கிணறுதான் நினைவுக்கு வருகிறது.

என் சொல் இது: மண்ணுளி.

புதிதாக நான் எதையும் செய்யவில்லை. மண்ணுளிப் பாம்பு என்ற பெயரை எல்லோரும் அறிவோம். அந்தப் பாம்பின் மூக்கைப் பக்கவாட்டில் பார்த்தவர்களுக்குப் பெயர் வைத்தவரின் கண் எவ்வளவு கூர்மை என்பது தெரியும். மூக்கு நுனிச் செதில் அகன்று, கீழே சரிந்து, முன்னால் ஒரு கிடைவிளிம்போடு நிற்கிறது, தச்சனின் உளியேதான். பொலபொலவென்ற மண்ணில் அது போகும்போது மேலே ஒரு மேடு மட்டும் நகரும். பின்னாலேயே மண் மூடிக்கொள்ளும். தவளை செய்வதும் இதையே, வேறு கருவியால். மண்ணுக்கு உளியாக இருப்பது என்றும் கொள்ளலாம், மண்ணுள் இருப்பது என்றும் பிரிக்கலாம். எப்படிப் பிரித்தாலும் பொருள் கெடவில்லை. மண்ணுளித் தவளை, மண்ணுளி அரணை, மண்ணுளி வாழ்வு என்று ஒட்டுவதற்கும் வசதி. பூந்தொட்டியோடு ஊர் ஊராகப் பயணம் போகும் புழுப்பாம்பும், செதிலுக்கு அடியில் இரண்டு கரும்புள்ளிகளாகக் கண் தேய்ந்துபோன அதுவும், இதில் அடங்கும்.

ஒரே சங்கடம், இந்தப் பெயர் செய்தித்தாளில் வரும்போதெல்லாம் ‘கடத்தல்’ என்ற சொல்லும் கூடவே வருகிறது. அந்தப் பாம்புக்கு இருதலை என்று நம்பி இலட்சக்கணக்கில் விலை பேசுபவர்களால் வந்த வினை. அதற்காக நல்ல சொல் ஒன்றை அவர்களிடமே விட்டுவிட வேண்டுமா?

*

தம்பிக்கு,

உன் மடலை இரண்டு முறை படித்தேன். நான் தமிழ் கற்பித்தவன், பாம்பு பிடித்தவன் அல்லன். ஆகவே சொல்லைப் பற்றி மட்டும்.

மண்ணுணிப் பாம்பு என்றும் வழங்குகிறார்கள். மண்ணை உண்பது என்ற நம்பிக்கையில் வந்த பெயர் அது. மூலம் உண்ணியாக இருந்தால் உன் உளி மழுங்கிவிடும். இதை எண்ணிப் பார்த்தாயா?

அடுத்தது, தோண்டுபவருக்குப் பெயர் வைத்துவிட்டாய்; ஒண்டியிருப்பவருக்கு? கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்தது என்று பழமொழியே இருக்கிறது. அந்தக் கருநாகத்துக்கும் ஒரு சொல் வேண்டாமா? பழைய சொல் ஒன்று கைவசம் இருக்கிறது: அளை, அதாவது குகை, பொந்து. புறநானூற்று 86ஆம் பாட்டில் ஒரு தாய் தன் வயிற்றை ‘புலி சேர்ந்து போகிய கல்அளை’ என்கிறாள். புலி அந்தக் கல்லைக் குடையவில்லை. வந்து தங்கிற்று, போயிற்று. நீ கேட்கும் பொருள் அப்படியே அதில் இருக்கிறது.

மூன்றாவது, உடும்பை எங்கே வைப்பாய்? அது தானும் தோண்டும், பிறர் தோண்டியதிலும் புகும்.

*

ஐயா, வணக்கம்.

மண்ணுணி பற்றிச் சொன்னது நியாயம். ஆனால் மூலம் எதுவானாலும் இன்று பத்துப் பேரைக் கேட்டால் பெரும்பாலோர் மண்ணுளி என்றே சொல்கிறார்கள். மண்ணை உண்கிறது என்பது பொய். அது உண்பது எலியும் ஓணானும். பொய்யைச் சுமக்கும் வடிவத்தை விட்டு, உண்மைக்குப் பொருந்தும் வடிவத்தை எடுப்பதில் தவறில்லை என்பது என் துணிபு.

அளை என்னைக் கட்டிப் போட்டுவிட்டது. அளைக்குடி என்று வைத்துக்கொள்ளலாமா? ‘எலி வளையானாலும் தனி வளை’ என்பது எலியின் கொள்கை. பாம்புக்கு அந்தப் பெருமிதம் கிடையாது. வளைவாயைப் படிப்பதில் இருளர்களை மிஞ்ச ஆள் இல்லை. 1978இல் வடநெம்மேலியில் அவர்கள் தொடங்கிய பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தைப் பார்த்திருப்பீர்கள். வாயில் சிலந்தி வலை கட்டியிருந்தால் அண்மையில் யாரும் நுழையவில்லை. விளிம்பு மண் வழவழப்பாகத் தேய்ந்திருந்தால் உள்ளே ஆள் உண்டு. அவர்கள் படிப்பது குடியிருப்பவரின் தடயத்தை, தோண்டியவரின் தடயத்தை அல்ல. அளைக்குடி என்ற சொல்லுக்கு இதைவிடச் சான்று எனக்குத் தெரியவில்லை.

உடும்பு பற்றி நீங்கள் கேட்ட கேள்வியால் இரண்டு நாள் தூக்கம் போயிற்று. கடைசியில் என் பிழை புரிந்தது. இந்த இரண்டு சொற்களும் ஒரே கட்டத்துக்கு உரியவை அல்ல. மண்ணுளி என்பது உயிரின் இயல்பு. மூக்கு, கால், கண் எல்லாம் அதற்கென்றே அமைந்திருக்க வேண்டும். அளைக்குடி என்பது அன்று, அந்த நேரத்தில், நாம் கண்ட நிலை. உடும்புக்கு வலுவான நகம் இருக்கிறது, தேவைப்பட்டால் தோண்டும். ஆனால் அது மரத்திலும் ஏறும், பகலெல்லாம் தரையில் இரை தேடும். அது மண்ணுளி அன்று. வளைக்குள் கண்டால் அன்றைக்கு அளைக்குடி, அவ்வளவுதான். ஆகவே தாளில் இனி இரண்டு கட்டம்: ‘வாழ்வியல்பு’ ஒன்று, ‘கண்ட நிலை’ ஒன்று. மண்ணுள்வாழ் என்று எழுதிய சகோதரியும் இதை ஏற்பார் என நம்புகிறேன். அவருடைய சொல்லை மண்ணில் கண்டவற்றுக்கு, ‘கண்ட நிலை’யில், ‘மண்ணுள்’ என்று சுருக்கிச் சேர்த்திருக்கிறேன்.

*

வணக்கம் அண்ணா. புதுத்தாளோடு நேற்று மாலை கணக்கெடுக்கப் போய்வந்தோம்.

முதல் பதிவு, உடைந்த கரையான் புற்றுக்குள் ஒரு புழுப்பாம்பு. இயல்பு மண்ணுளி, நிலை அளைக்குடி. இரண்டு கட்டத்திலும் குறியிட்டதும் யாருக்கும் ஐயம் வரவில்லை. கரையானைத் தின்னத்தான் அது அங்கே போயிருக்கும் என்று ஓரத்தில் எழுதிவைத்தோம். அச்சில் ‘அலைக்குடி’ என்று விழுந்திருக்கிறது, பேனாவால் திருத்திக்கொண்டோம்.

திரும்பும் வழியில் விசிறித் தொண்டை ஓணான் ஒன்று மணலைப் பறித்து முட்டையிட்டுக்கொண்டிருந்தது. உடன் வந்த பையன் மண்ணுளியில் குறியிட்டான், நான் அடித்துவிட்டேன். முட்டைக்காக மட்டும் தோண்டுவதை எந்தக் கட்டத்தில் எழுத? இப்போதைக்குத் தாளின் பின்பக்கத்தில் ‘செயல்: முட்டைக்குழி பறித்தல்’ என்று எழுதியிருக்கிறேன். அதற்கு ஒரு கட்டம் கூட்டினால் நல்லது.