வேண்டுமென்றே குழப்பும் ஒரு விளையாட்டும் ஒரு விதைநெல் படிவமும்

கிளிநொச்சியிலிருந்து:

பயனர் அனுபவ வடிவமைப்பு (இணையப் பக்கத்தையோ செயலியையோ பாவிப்பவருக்கு இலகுவாக அமைக்கும் வேலை) படிக்க வரும் பெடியளுக்கு நான் முதல் நாள் பாடம் எடுப்பதில்லை, பிரவுசரில் 'யூசர் இன்யர்ஃபேஸ்' என்ற விளையாட்டைத் திறந்து கொடுத்துவிடுவேன். 2019இல் பெல்ஜியத்து நிறுவனம் ஒன்று செய்தது, இலவசம். ஒரு படிவத்தை நிரப்பி முடிப்பதுதான் முழு விளையாட்டும், ஆனால் எல்லாவற்றையும் வேண்டுமென்றே குழப்பி வைத்திருக்கிறார்கள். முதல் பக்கத்தில் பெரிய பச்சைப் பொத்தான் இருக்கும், எல்லோரும் அதைத்தான் அழுத்துவார்கள், ஒன்றும் நடக்காது. வழி, கீழே உள்ள வசனத்தில் சாதாரண எழுத்துப்போல் கிடக்கும் ஒரு சொல்லில் இருக்கிறது. விருப்பங்களில் மூன்றைத் தெரிவு செய்யச் சொல்வார்கள், பார்த்தால் எல்லாவற்றுக்கும் ஏற்கனவே சரி போட்டிருக்கும்.

ஒருவர் விளையாட, இன்னொருவர் பக்கத்தில் இருந்து குறிப்பெடுக்க வேண்டும். விளையாடுபவர் மனதில் ஓடுவதையெல்லாம் சத்தமாகச் சொல்லிக்கொண்டே போவார், பார்ப்பவர் வாய் திறக்கக் கூடாது. சத்தமாக யோசிக்க வைக்கும் சோதனை முறை இதுதான். வாசித்தால் ஒரு வரிதான், ஆனால் கூட்டாளி பிழையான இடத்தையே அழுத்திக்கொண்டிருக்கும்போது 'அங்கே இல்லையடா' என்று சொல்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று இருந்து பார்த்தால்தான் விளங்கும். என்னைக் கேட்டால் இந்தத் தொழிலில் பாதி அதுதான்.

அப்புறம் நிசப் படிவத்துக்குப் போவோம். வகுப்பில் படிக்கும் ஒரு தங்கச்சி விதைநெல் பதிவுக்கு போனில் நிரப்பும் படிவம் ஒன்று செய்திருந்தார், அழகான வேலை. அக்கராயன் பக்கத்து ஐயா ஒருவரிடம் கொடுத்தோம். பெயர், ஊர் எல்லாம் கடகடவென்று போனது. அடையாள அட்டை இலக்கம் வந்ததும் நின்றுவிட்டார். 2016க்குப் பிறகு வந்த அட்டையில் 12 இலக்கம், அவரிடம் இருந்ததோ 9 இலக்கமும் கடைசியில் ஆங்கில 'வி' (V) எழுத்தும் உள்ள பழைய அட்டை. அந்தப் பெட்டியில் தொட்டால் எண்கள் மட்டும் உள்ள விசைப்பலகைதான் வருகிறது, 'வி' எங்கேயும் இல்லை. ஐயா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், சாரத்தில் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார். "என்ர அட்டை செல்லாது போல பிள்ளை" என்று சொல்லி எழும்பப் போனார். தங்கச்சி அதுவரைக்கும் வாயே திறக்கவில்லை, அந்த இடத்தை அப்படியே எழுதிக்கொண்டார். அன்றைக்கே அந்தப் பெட்டி இரண்டு வகை இலக்கத்தையும் ஏற்கும்படி மாறியது, கீழே இரண்டுக்கும் உதாரணமும் வந்தது.

ஐந்து பேரிடம் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளியே வந்துவிடும் என்று இந்தச் சோதனைத் துறையில் பெயர்பெற்ற ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதினார். இந்தக் குறையைக் காட்ட ஒரு ஐயாவே போதுமாக இருந்தார். ஆனால் அப்படி ஒருவரைத் தேடிப் போக வேண்டும், வகுப்பில் இருக்கும் பெடியள் எல்லோரிடமும் புது அட்டைதான்.

ஒட்டுசுட்டானிலிருந்து:

அண்ணா, இந்த விளையாட்டை நானும் தரம் 10 பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். ஆங்கிலத்தில் இருப்பதால் சிலர் மொழியில் தடுக்கினார்களா, வடிவமைப்பில் தடுக்கினார்களா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. அதனால் அதே பக்கங்களைத் தமிழில் தாளில் வரைந்து, ஒரு பிள்ளையைக் கணினியாக இருத்தினேன். மற்றப் பிள்ளை விரலால் தொட்டால் அவர் அடுத்த தாளை வைப்பார், பிழையான இடம் என்றால் அசையாமல் இருப்பார். கரண்ட் இல்லாத நாளிலும் வகுப்பு நடக்கிறது. உங்கள் விதைநெல் படிவத்தின் பழைய வடிவம் இருந்தால் அனுப்புங்கோ, அதையும் வரைந்து பார்க்கலாம்.