பத்திரிகைல 'அருட்தந்தை'னு போடலாமா? மத்தேயு 23:9

பெரம்பூர் அக்கா:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நாங்க பிரதரன் சபை, பட்டம் எதுவும் இல்லாம 'பிரதர்'னு மட்டும் கூப்பிடுறவங்க. தங்கச்சிக்கு ராயபுரத்துல ஆர்.சி. குடும்பத்துல சம்பந்தம் முடிவாயிருக்கு, கல்யாணம் புனித பேதுரு கோயில்ல. பத்திரிகை ப்ரூஃப்ல 'அருட்தந்தை தலைமையில்'னு போட்டிருக்காங்க, அதப் பாத்துட்டு எங்க தாய்மாமா "பூமியிலே ஒருவனையும் உங்கள் பிதா என்று சொல்லாதிருங்கள்"னு வசனம் இருக்கு, இத நான் ஒருத்தருக்கும் வைக்க மாட்டேன்னு ஒரே பிடியா நிக்கிறார். மாப்பிள்ளை வீட்ல மனசு சங்கடப்படுறாங்க. எனக்கு சண்டை வேணாம், ஆனா வசனத்த ஒதுக்கிட்டுப் போகவும் மனசு வரல. இயேசு இதுல என்னதான் சொல்றார்?

தண்டையார்பேட்டை விசுவாசி:
மாமா சொல்றது சரி சிஸ்டர். ஆனா அந்த ஒரு வசனத்தோட நிறுத்தக்கூடாது, 8ல ரபீ (யூத போதகருக்கான பட்டம்), 10ல குரு எல்லாம் வருது. அப்போ எங்க பெந்தெகொஸ்தே போஸ்டர்ல வர்ற 'ரெவரெண்ட் டாக்டர்', 'அப்போஸ்தலர்' எல்லாமே தப்புதான். பவுல எப்படி கூப்பிட்டார் பேதுரு? 'பிரியமான சகோதரன்'னுதான், 2 பேதுரு 3:15.

காசிமேடு:
அதே பவுல்தான் கொரிந்தியருக்கு 'சுவிசேஷத்தினால் நான் உங்களைப் பெற்றேன்'னு, அதாவது தகப்பன் ஸ்தானத்துல நின்னு எழுதுறார், 1 கொரி 4:15 பாருங்க. ஸ்தேவான் யூத ஆலோசனை சங்கத்து முன்னாடி 'சகோதரரே, பிதாக்களே'ன்னுதான் ஆரம்பிக்கிறார், அப்போஸ்தலர் 7:2. எங்க பக்கம் கடலுக்குப் போனவங்க திரும்பலைன்னா விடிய விடிய அந்த வீட்ல வந்து உக்கார்றவர் ஃபாதர்தான், அவர வேற எப்படிங்க கூப்பிடுறது.

வண்ணாரப்பேட்டை சி.எஸ்.ஐ:
அக்கா, 5லேருந்து 12 வரைக்கும் ஒரே மூச்சுல வாசிங்க. விருந்துல முதல் இடம், ஜெப ஆலயத்துல முதல் ஆசனம், சந்தைல வந்தனம், 'ரபீ ரபீ'ன்னு நாலு பேர் கூப்பிடறது, இதையெல்லாம் ஆசைப்பட்டவங்களப் பத்தின பேச்சு அது. உடனே 11ல 'உங்களில் பெரியவன் உங்களுக்கு ஊழியக்காரன்'னு வருது. பட்டத்த வச்சு தன்ன உயர்த்திக்கிறவனத்தான் ஆண்டவர் கண்டிக்கிறார்னு நான் நம்புறேன், வெறும் 'பிரதர்'னு கூப்பிடுற சபைலயும் முன் நாற்காலிக்கு சண்டை போடறவங்க இருக்காங்களே, அவங்களுக்கும் இந்த வசனம் பொருந்தும். பெத்த அப்பாவ அப்பான்னு கூப்பிடறத மாமா நிறுத்தலையே, அப்போ அவரும் அத எழுத்துக்கு எழுத்து எடுக்கல. ரெண்டு வீடும் தனித்தனியா பத்திரிகை அடிக்கிறதுதானே வழக்கம், உங்க பத்திரிகைல 'பங்குப் பணியாளர்'னு போடுங்க, அவங்களே புழங்குற பேர்தான். அப்புறம் தங்கச்சி கத்தோலிக்கர் இல்லங்கிறதால மறைமாவட்ட (பிஷப்) அனுமதி வேணும், சீக்கிரம் கேட்டு வைங்க.

தண்டையார்பேட்டை விசுவாசி:
ஒண்ணு மட்டும் அண்ணா. 8லயும் 10லயும் 'அழைக்கப்படாதிருங்கள்', 9ல மட்டும் 'சொல்லாதிருங்கள்'. பட்டம் வாங்குறவருக்கு மட்டுமில்ல, குடுக்குற நமக்கும் சேத்துதான் சொல்றார், அத லேசா விட்டுடாதீங்க. தனிப் பத்திரிகை நல்ல யோசனை.

பெரம்பூர் அக்கா:
ரொம்ப நன்றி. இன்னைக்கு சாயங்காலம் மாமா வீட்டுக்குப் போறேன், அதிகாரத்த முழுசா வாசிச்சிட்டுத்தான் பேச்சு. அனுமதி விஷயம் யாருமே சொல்லல, ராயபுரத்துக்கு இப்பவே போன் போடறேன்.